பழைய சேத்தக் கார்புரேட்டர்: சில்லறை சாமானை மட்டும் மாத்தறதா, முழுசா மாத்தறதா?

பென்னாகரம்_150
வண்டி பஜாஜ் சேத்தக், 2 ஸ்ட்ரோக், 1996 மாடல். கம்பெனியோட வந்த அதே ஸ்பாக்கோ கார்புரேட்டர். இப்ப மூணு தொந்தரவு. பெட்ரோல் டேப்பை மூடாம விட்டா அரை மணி நேரத்துல இன்ஜினுக்கு அடியில பெட்ரோல் சொட்டுது. ஐட்லிங் ஒரு இடத்துல நிக்காம ஏறி ஏறி இறங்குது. மேட்டுல ஆக்சிலேட்டரை முழுசா முறுக்கினா இழுவை இல்லை, லேசா மிஸ்ஸிங்.
தர்மபுரியில காட்டினேன். "கார்புரேட்டர் ஆயுசு முடிஞ்சது, புதுசு போட்டுடலாம்"னாங்க. பாடி பார்க்க நல்லாத்தான் இருக்கு. நீடில், பேக்கிங், ஜெட் மட்டும் மாத்தினா போதுமா? எதை வச்சு முடிவு பண்றது? தெரிஞ்ச அண்ணன்மார் சொல்லுங்க.

ஜெட்_ஸ்டாக்
தம்பி, மூணு தொந்தரவையும் தனித்தனியா பிரிச்சுப் பாருங்க. மூணுக்கும் காரணம் ஒண்ணுதான்னு எடுத்துக்கிட்டாதான் புது கார்புரேட்டர் வாங்கற முடிவுக்குப் போவோம். பெட்ரோல் சொட்டறது பெரும்பாலும் ஃப்ளோட் நீடில் (கார்புரேட்டர்ல பெட்ரோல் நிறைஞ்சதும் மிதவை தூக்கி வழியை மூடற ஊசி). ஐட்லிங் ஏறி இறங்கறது ஸ்லோ ஜெட் (ஐட்லிங்குக்கு பெட்ரோலை அளந்து விடற பித்தளைத் துளை) அடைப்பா இருக்கலாம், எங்கேயோ காத்து இழுக்கறதா இருக்கலாம். மேட்டுல இழுவை இல்லாதது மெயின் ஜெட் (முழு முறுக்குக்கு பெட்ரோலை அளந்து விடறது), இல்லைன்னா டேங்க்ல இருந்தே பெட்ரோல் சரியா வரலை.

கார்புரேட்டரைக் கழட்டாமலே பாதி வேலை முடியும். கார்புரேட்டர் உட்கார்ந்திருக்கற பாக்ஸோட மூடியைத் திறந்து ஏர் ஃபில்டரை எடுத்தா மேலேயே ரெண்டு ஜெட்டும் தெரியும். பெரிசா இருக்கறது மெயின் ஜெட் ஸ்டாக், சின்னது ஸ்லோ ஜெட். ஸ்டாக்கை வெளியே எடுத்துத் திருகி இழுத்தா மூணா பிரியும்: மேல ஏர் ஜெட், நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்கற குழாய், அடியில மெயின் ஜெட். ஸ்க்ரூ டிரைவர் முனை ஜெட்டோட வெட்டுல இடைவெளி இல்லாம உட்காரணும். பித்தளை மெத்துன்னு இருக்கும், முனை சின்னதா இருந்தா வெட்டு சிதைஞ்சு அப்புறம் ஜெட்டே வெளியே வராது.

ஸ்லோ ஜெட்ல ரெண்டு வழி இருக்கு. அடியில பெட்ரோல் வர்ற ஓட்டை, பக்கவாட்டுல காத்து வர்ற ஓட்டை. நம்பரும் அதே மாதிரி ரெண்டா இருக்கும், 45/140ன்னு. முதல் எண் பெட்ரோல், ரெண்டாவது காத்து, ரெண்டுமே மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்கு கணக்கு. அடி ஓட்டையை மட்டும் ஊதிட்டு பக்க ஓட்டையை விட்டுடறதுதான் வழக்கமா நடக்கற தப்பு. உங்க ஜெட்ல என்ன எண் பொறிச்சிருக்குன்னு முதல்ல எழுதி வச்சுக்கங்க, பின்னாடி தேவைப்படும்.

ரவுண்டானா_ஒர்க்ஷாப்
ஜெட்_ஸ்டாக் சொல்றது வீட்டுல உட்கார்ந்து நிதானமா பிரிக்கறவருக்குச் சரி. ஆனா கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கு. இன்னைக்கு நீடில் போட்டா அடுத்த வாரம் பேக்கிங்ல கசியும், அதுக்கு அடுத்த வாரம் சோக் ரப்பர். ஒவ்வொரு தடவையும் கழட்டி மாட்டற கூலி. மூணு தடவை கூலியைச் சேர்த்தா புது கார்புரேட்டர் விலையை எட்டிடும். கஸ்டமரும் "போன வாரம்தானே காசு குடுத்தேன்"னு சண்டைக்கு வருவார். அதனாலதான் முழுசா மாத்திடுங்கன்னு சொல்றாங்க, ஏமாத்தணும்னு இல்லை.
இன்னொண்ணு, இந்த கார்புரேட்டர்ல அடித்தட்டு வளையறது ரொம்ப சகஜம். ரெண்டு நீள போல்ட்டையும் பெரிய ஸ்பேனர் போட்டு இறுக்கி இறுக்கி, நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்துடும். அந்த நிலைமையில எத்தனை நீடில் போட்டாலும் ஐட்லிங் நிக்காது.

ஜெட்_ஸ்டாக்
கூலிக் கணக்கு நியாயம்தான் அண்ணா. அதனாலதான் ஒரே தடவை பிரிக்கும்போது சீல் பண்ற சாமான் எல்லாத்தையும் மொத்தமா மாத்திடணும்ங்கறேன். ரப்பர், பேப்பர், நீடில் மூணும் தேயறதுக்குன்னே வர்ற சாமான். பித்தளையும் வார்ப்பும் பெரும்பாலும் அழுக்குதான் பிடிச்சிருக்கும், தேய்ஞ்சிருக்காது. அழுக்கானதைக் கழுவு, சீல் பண்றதை மாத்து, தேய்மானம் ஸ்லைடு (ஆக்சிலேட்டர் கேபிள் இழுக்க, காத்து வழியைத் திறந்து மூடற தட்டு) ஓடற வழிக்குள்ள வந்திருந்தா மட்டும் முழுசா மாத்து. நான் பிரிக்கற கோடு இதுதான்.

அடித்தட்டு வளைஞ்சதுக்காகப் பாடியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. கண்ணாடித் துண்டு ஒண்ணை மேசையில வச்சு, அது மேல 400 நம்பர் தண்ணிப் பேப்பரை ஒட்டி, ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கார்புரேட்டர் அடியை எட்டு போடற மாதிரி தேய்ங்க. ஸ்லைடு, ஜெட், ஸ்க்ரூ எல்லாத்தையும் முன்னாடியே கழட்டி வச்சிடணும். பத்துத் தேய்ப்புக்கு ஒருக்கா திருப்பிப் பாருங்க. பளபளப்பு ஓரத்துல மட்டும் இருந்தா இன்னும் நடு தொடலை, நடுவுல மட்டும்னா ஓரம் தொடலை. முழுசும் ஒரே நிறமா வந்ததும் 800 நம்பர்ல முடிச்சிடுங்க. ஸ்கேல் விளிம்பை வச்சு 0.05 மி.மீ. ஃபீலர் (இடைவெளி அளக்கற மெல்லிய தகடு) நுழையலைன்னா போதும். அப்புறம் உள்வழி எல்லாத்தையும் பெட்ரோல் ஊத்திக் கழுவி காத்து அடிங்க. தேய்ச்ச தூள் ஒரு துளி தங்கினாலும் அது ஸ்லோ ஜெட்லதான் போய் நிக்கும்.
மாட்டும்போது சின்ன ஸ்பேனரைப் பிடிச்சு, ரெண்டு போல்ட்டையும் மாத்தி மாத்தி கால் சுத்தா இறுக்குங்க. ஒண்ணை முழுசா இறுக்கிட்டு அடுத்ததுக்குப் போனாதான் தட்டு வளையும். இறுக்கி முடிச்சு ஸ்லைடைக் கையால தள்ளி விடுங்க, ஸ்ப்ரிங் தானா டக்குன்னு திருப்பணும். இழுத்துக்கிட்டு வந்தா போல்ட் இறுக்கம் அதிகம். அப்படியே வண்டியை எடுத்தா சூடானதும் ஆக்சிலேட்டர் திரும்பாம நிக்கும். ரோட்டுல அது உயிருக்கே ஆபத்து.

ஓசூர்_பெப்
குறுக்கே வர்றேன், மன்னிக்கணும். எங்கிட்ட இருக்கறது நம்ம ஓசூர் டி.வி.எஸ். கம்பெனியோட ஸ்கூட்டி பெப், வீட்டுல முதல் தலைமுறை ஆக்டிவாவும் ஒண்ணு. ரெண்டும் 4 ஸ்ட்ரோக். இதே கணக்கு அதுக்கும் பொருந்துமா?

ஜெட்_ஸ்டாக்
ஆக்டிவா கார்புரேட்டர் வேற ஜாதிங்க. அதுல ஸ்லைடைக் கேபிள் நேரா தூக்கறதில்லை, இன்ஜின் இழுக்கற வெற்றிடம் ஒரு ரப்பர் டயாஃப்ரம் வழியா தூக்குது. டயாஃப்ரத்துல ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தாலும் ஸ்லைடு பாதியில நின்னுடும். ஐட்லிங் நல்லா இருக்கும், ஆனா வண்டி வேகம் எடுக்காது. வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சு மெல்ல விரிச்சுப் பாருங்க, மடிப்பு ஓரத்துலதான் முதல்ல கிழியும். பசை போட்டு ஒட்டறது வீண் வேலை, பெட்ரோல் ஆவியில கரைஞ்சிடும். அது மாத்த வேண்டிய சாமான்தான். மாட்டும்போது ஓர வளையம் காடியில முழுசா உட்கார்ந்திருக்கான்னு பார்த்துட்டு மூடியை வைங்க, மடிஞ்சு உட்கார்ந்தா புதுசும் அன்னைக்கே கிழியும்.

அடுத்தது ஆட்டோ சோக். மைலேஜ் திடீர்னு குறைஞ்சு சைலன்சர் கருப்பா இருந்தா அதைப் பாருங்க. கழட்டி, பிஸ்டன் நீளத்தை அளந்துட்டு, 12 வோல்ட் பேட்டரியில அஞ்சு நிமிஷம் கனெக்‌ஷன் குடுங்க. பிஸ்டன் கண்ணுக்குத் தெரியற அளவு சில மில்லிமீட்டர் வெளியே நீளணும். நீளலைன்னா அது எப்பவும் சோக் போட்ட மாதிரியே ஓடுது. அதைப் பிரிச்சு ரிப்பேர் பண்ண வழி இல்லை.
பெட்ரோல் டேப் வெற்றிடத்துல திறக்கற வகைன்னா, அதுல இருந்து மேனிஃபோல்டுக்கு (கார்புரேட்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவுல இருக்கற குழாய்) போற சின்ன ஹோஸைக் கழட்டிப் பாருங்க. உள்ள பெட்ரோல் ஈரம் இருந்தா டேப் டயாஃப்ரம் கிழிஞ்சிருக்கு. கார்புரேட்டரை நூறு தடவை கழுவினாலும் அந்தக் கோளாறு போகாது.

ஊத்தங்கரை_கேபிள்
ஸ்லோ ஜெட் அடைச்சா கிளட்ச் கேபிள்ல இருந்து ஒரு இழை எடுத்து குத்திட்டா போச்சு. காலம் காலமா அப்படித்தானே பண்றோம்? எல்லா வண்டியும் ஓடத்தானே செய்யுது.

ஜெட்_ஸ்டாக்
ஓடும், பெட்ரோல் குடிச்சுக்கிட்டு ஓடும். கணக்குப் போட்டுப் பாருங்க. ஸ்லோ ஜெட் ஓட்டை 0.45 மி.மீ. இரும்பு இழை அதைச் சுரண்டி 0.47 ஆக்கிட்டா, பரப்பு 47க்கு 47 வகுத்தல் 45க்கு 45, அதாவது 9 சதவீதம் கூடிடும். அதே 0.02 மி.மீ. 100 நம்பர் மெயின் ஜெட்ல கூடினா 4 சதவீதம்தான். ஓட்டை சின்னதாக ஆகக் குத்தறதோட கேடு அதிகம். அப்புறம் மிக்சர் ஸ்க்ரூவை (ஐட்லிங் கலவையைக் கூட்டிக் குறைக்கற ஸ்க்ரூ) எவ்வளவு உள்ள திருகினாலும் புகை போகாது, கடைசியில பழி கார்புரேட்டர் மேல விழும்.

ஜெட்டை கார்ப் கிளீனர் ஸ்பிரே அடிச்சு கால் மணி நேரம் ஊற வைங்க. அப்புறம் காத்து அடிங்க. அப்பவும் போகலைன்னா பிளாஸ்டிக் பிரஷ்ஷோட ஒரு முடி, இல்லைன்னா வீட்டு ஃப்ளெக்சிபிள் ஒயர்ல இருந்து ஒரே ஒரு செப்பு இழை. செப்பு பித்தளையை விட மெதுவானது, ஓட்டையைச் சுரண்டாது. சன்னலுக்கு நேரா பிடிச்சா வட்டம் முழுசா, ஓரம் கூர்மையா தெரியணும். பித்தளையில பச்சை பூத்திருந்தா ஜெட்டை மட்டும் எலுமிச்சைச் சாறுல பத்து நிமிஷம் போட்டுக் கழுவிடலாம். பாடியைப் புளி, எலுமிச்சை, வினிகர் எதுலயும் போடாதீங்க. அது துத்தநாகக் கலவை வார்ப்பு, புளிப்பு அதை அரிச்சு வெள்ளைப் பொடி ஆக்கிடும்.
குத்திப் பெரிசான ஜெட்டைச் சரிபண்ண வழியே கிடையாது. ஈயம் வச்சு அடைச்சு மறுபடி துளை போடறேன்னு சொல்றவங்க கிட்ட குடுக்காதீங்க. அதே நம்பர் புது ஜெட் வாங்குங்க.

பாலக்கோடு_ஃபிட்டர்
நீடில் விஷயத்துக்கு வர்றேன். பழைய நீடிலோட கூர்ப்பு முனையை நகத்தால தடவுங்க. வளையமா ஒரு பள்ளம் தட்டுப்பட்டா அது முடிஞ்சது. அதைத் தேய்ச்சு எடுக்கப் பார்க்காதீங்க, கூர்ப்போட கோணம் மாறிடும். ரப்பர் முனை நீடிலா இருந்தா பளபளன்னு இறுகிப் போயிருந்தாலும், உப்பி இருந்தாலும் மாத்தணும்.
ஆனா நீடில் மட்டும் புதுசு போட்டா பாதிப் பேருக்கு கசிவு நிக்கறதில்லை. அது உட்கார்ற பித்தளை சீட்டைப் பார்க்க மறந்துடறாங்க. ஃப்ளோட் மூடியைத் திருப்பிப் போட்டு, டார்ச் அடிச்சு உள்ள பாருங்க. பச்சைப் பூப்பு, கீறல், ஒட்டின கோந்து மாதிரி எதாவது இருக்கும். காது குடையற பஞ்சுக் குச்சியில பித்தளை பாலிஷ் கொஞ்சம் தொட்டு, விரலால உருட்டி இருபது முப்பது சுத்து சுத்துங்க. அப்புறம் பெட்ரோல்ல நல்லா கழுவணும். வால்வு அரைக்கற பேஸ்ட் வேண்டாம், அந்த மணல் சீட்டுல பதிஞ்சு புது ரப்பர் முனையைத் தின்னுடும்.

சோதனை வாயால ஊதிப் பண்ணாதீங்க. ஊசி போடற 10 மி.லி. சிரிஞ்ச் ஒண்ணு, அதுக்குப் பொருந்தற சின்ன ஹோஸ். மூடியைத் தலைகீழா பிடிச்சா ஃப்ளோட் எடையில நீடில் மூடிக்கும். சிரிஞ்சை லேசா 1 மி.லி. அமுக்கி விரலை எடுங்க. தண்டு திரும்பி வந்தா சீல் பிடிக்குது, அங்கேயே நின்னா காத்து போகுது. மூடியை மாட்டறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிடும்.
ஃப்ளோட்டைக் காதுகிட்ட ஆட்டிப் பாருங்க, உள்ள பெட்ரோல் சலசலத்தா அது மிதக்காம தாழும். சந்தேகமா இருந்தா சூடான தண்ணியில (கொதிக்கற தண்ணி இல்லை, கை பொறுக்கற சூட்டுக்குக் கொஞ்சம் மேல) முக்கினா உள்ள இருக்கற காத்து விரிஞ்சு ஓட்டை இருக்கற இடத்துல குமிழி வரும். இதை அடுப்பு பக்கத்துல பண்ணக் கூடாது. பித்தளை ஃப்ளோட்னா உள்ள இருக்கற பெட்ரோலை முழுசா வெளியேத்தி, ஆவி கூட இல்லாம காய விட்டு, சின்னதா ஈயம் வைக்கலாம். ஈயம் அதிகமானா ஃப்ளோட் எடை கூடி பெட்ரோல் மட்டம் உயர்ந்திடும், அதுவே புது ஓவர்ஃப்ளோவுக்கு காரணம் ஆகும். சேத்தக்ல வர்ற பிளாஸ்டிக் ஃப்ளோட்டை ஒட்டக் கூடாது, மாத்தணும்.
ஃப்ளோட் பின் உட்கார்ற காது உடைஞ்சிருந்தா எம்-சீல், அரால்டைட் எதுவும் நிலைக்காது. ஃப்ளோட் மூடி தனியா கிடைக்குது, அதுக்காகவும் முழு கார்புரேட்டர் வாங்க வேண்டியதில்லை.

ரவுண்டானா_ஒர்க்ஷாப்
எல்லாம் சரி பாலக்கோட்டாரே, டேங்க் துருவை யார் பேசறது? 30 வருஷ டேங்க். புது நீடிலுக்கும் சீட்டுக்கும் நடுவுல ஒரு துரு மணி உட்கார்ந்தா மறுநாளே சொட்டும்.

பாலக்கோடு_ஃபிட்டர்
அதுதான் அடிப்படை அண்ணா. பென்னாகரம் தம்பி, ஹோஸைக் கழட்டி ஒரு கண்ணாடி பாட்டில்ல பெட்ரோலைப் பிடிங்க. ஒரு நிமிஷத்துல 200 மி.லி. டம்ளர் அளவு தாராளமா வரணும். இன்ஜின் முழு முறுக்குல குடிக்கறதை விட அது பல மடங்கு, ஆனா கிராவிட்டி சப்ளையில (பம்ப் இல்லாம பெட்ரோல் தானா கீழ இறங்கறது) அந்த உபரி இருந்தாதான் மேட்டுல ஃப்ளோட் சேம்பர் காலியாகாது. முதல்ல வேகமா வந்து போகப் போகக் குறைஞ்சா டேங்க் மூடியைத் திறந்து பாருங்க. உடனே வேகம் கூடினா மூடியோட காத்து ஓட்டை அடைச்சிருக்கு.
பாட்டிலைப் பத்து நிமிஷம் ஆடாம வைங்க. அடியில செம்மண் மாதிரி படிஞ்சா துரு. முத்து முத்தா தனியா நின்னா தண்ணி. ரெண்டுல எது இருந்தாலும் டேங்கை இறக்கிக் கழுவாம கார்புரேட்டர்ல கை வைக்காதீங்க. டேங்குக்குள்ள இருக்கற டேப் ஃபில்டரையும், கார்புரேட்டர் மேல ஹோஸ் சேர்ற இடத்துல போல்ட்டுக்கு அடியில இருக்கற குட்டி நெட்டையும் (வலை ஃபில்டர்) பாருங்க. இந்த நெட்டு ஒண்ணு இருக்கறதே பல பேருக்குத் தெரியறதில்லை. மேட்டுல இழுவை இல்லைன்னா பாதி நேரம் குத்தவாளி அதுதான்.

ஊத்தங்கரை_கேபிள்
அப்ப நடுவுல பிளாஸ்டிக் பெட்ரோல் ஃபில்டர் ஒண்ணு மாட்டிட்டா?

பாலக்கோடு_ஃபிட்டர்
சேத்தக்ல வேண்டாம்பேன். டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவுல உயரம் குறைவு, இடமும் குறைவு. ஃபில்டர் படுத்துக்கிட்டு ஹோஸ் மேல வளைஞ்சா காத்து அடைச்சு பெட்ரோல் நின்னு நின்னு வரும். பேப்பர் ஃபில்டர்னா பம்ப் இருக்கற வண்டிக்கானது, கிராவிட்டிக்கு அது இடைஞ்சல். டேங்கைச் சுத்தம் பண்ணுங்க, நெட்டை மாத்துங்க.

பென்னாகரம்_150
சொன்னபடி எல்லாம் பிரிச்சுப் பார்த்துட்டேன். பாட்டில்ல துரு கொஞ்சம், தண்ணி இல்லை. குட்டி நெட்டு பாதி அடைப்பு, ஓரத்துல கிழிசலும் இருக்கு. நீடில்ல வளையப் பள்ளம் நகத்துல தட்டுது. அடித்தட்டுல 0.15 ஃபீலர் நுழையுது. ஸ்லைடு எவ்வளவு ஆடலாம்னு எப்படிப் பார்க்கறது? அப்புறம் இன்னொரு விஷயம், ஐட்லிங்ல சில நேரம் ஆக்சிலேட்டரை விட்டும் ஆர்.பி.எம். உடனே இறங்காம மேலேயே நிக்குது.

ஜெட்_ஸ்டாக்
முதல் கேள்விக்கு: பாடியைக் கழட்டிக் கையில வச்சு, ஸ்லைடு மூடின நிலையில பின்னாடி டார்ச் அடிங்க. ஓரத்துல முடி அளவு வெளிச்சம் ஒரே சீரா இருந்தா பரவாயில்லை. ஒரு பக்கம் அகலமா பிறை மாதிரி தெரிஞ்சா தேய்ஞ்சிருக்கு. புது ஸ்லைடு ஒண்ணைக் கடையில கேட்டு நுழைச்சுப் பாருங்க. புதுசும் அதே அளவு ஆடினா தேய்ஞ்சது ஸ்லைடு இல்லை, பாடி. அந்த இடத்துல நானே ரவுண்டானா அண்ணா பக்கம் வந்துடுவேன், முழுசா மாத்துங்க. புதுசு ஆடலைன்னா ஸ்லைடு மட்டும் போதும்.

ரெண்டாவது விஷயம் முக்கியம். ஆக்சிலேட்டரை விட்டும் ஆர்.பி.எம். மேலேயே நிக்குதுன்னா இன்ஜின் வேற எங்கேயோ காத்து இழுக்குது. வளைஞ்ச தட்டு ஒரு காரணம், அதைச் சரிபண்ணிட்டுப் பாருங்க. அப்பவும் நின்னா மேக்னெட் பக்க க்ராங்க் சீல் (க்ராங்க் ஷாஃப்ட்டைச் சுத்தி காத்து போகாம தடுக்கற ரப்பர் வளையம்). 2 ஸ்ட்ரோக்ல க்ராங்க் கேஸ்தான் கலவையை இழுத்து அனுப்பற பம்ப், சீல் போச்சுன்னா அது வழியா வெறும் காத்து போய் கலவை மெலியும். கிளட்ச் பக்க சீல் போனா அறிகுறி வேற: கியர் ஆயிலை இழுக்கும், சூடான பிறகும் வெள்ளைப் புகை அடர்த்தியா வரும், பிளக் எண்ணெயா இருக்கும், கியர் ஆயில் மட்டம் குறையும். சீல் போன வண்டிக்குப் புது கார்புரேட்டர் மாட்டினா அதே தொந்தரவு அப்படியே இருக்கும். பணத்தை விட பெரிய நஷ்டம், மெலிஞ்ச கலவையில பிஸ்டன் பிடிச்சுக்கும்.

தொப்பூர்_ஏத்தம்
அந்தக் கடைசி வரியை எல்லாரும் ரெண்டு தடவை படிக்கணும். சேலத்துல இருந்து தொப்பூர் மேல ஏறும்போது ஆக்சிலேட்டர் முழுசா முறுக்கி இருக்கும். மெயின் ஜெட்டோ நெட்டோ பாதி அடைச்சிருந்தா பெட்ரோல் மட்டும் குறையறதில்லை, அதோட கலந்து வர்ற 2டி ஆயிலும் குறையுது. அதிக சூடு, குறைஞ்ச எண்ணெய், பிஸ்டன் பிடிக்க வேற என்ன வேணும்? இழுவை குறைஞ்சு இன்ஜின் சத்தம் வறண்டு போன மாதிரி கேட்டா உடனே கிளட்சைப் பிடிச்சு ஓரம் கட்டுங்க.
இறங்கும்போதும் அப்படித்தான். ஆக்சிலேட்டரை மூடி கியர்லயே நீளமா இறங்கினா இன்ஜின் சுத்துது, எண்ணெய் வரலை. இடையிடையே ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் திறந்து விடுங்க. ஆயில் அளவு லிட்டருக்கு 20 மி.லி., மூடியில குத்துமதிப்பா ஊத்தாம அளந்து ஊத்துங்க.

ஓசூர்_பெப்
இப்ப பங்குல வர்றது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். இதுக்கும் ஜெட் நம்பருக்கும் தொடர்பு இருக்கா? அப்புறம் தர்மபுரியில டியூன் பண்ணின வண்டி ஓசூர் வந்தா பிளக் கருப்பாகுதுன்னு சொல்றாங்களே?

ஜெட்_ஸ்டாக்
உயரத்தைப் பத்தி முதல்ல. தர்மபுரியை விட ஓசூர் ஏறக்குறைய 400 மீட்டர் மேல. நூறு மீட்டருக்கு காத்தோட அடர்த்தி சுமார் 1 சதவீதம் குறையும், ஆக 4 சதவீதம். கலவை அதுல பாதி அளவு, 2 சதவீதம்தான் கனமாகும், அதாவது காத்தை விட பெட்ரோல் பங்கு கூடும். அதுக்கு ஜெட் மாத்த வேண்டாம், அதனால மட்டும் பிளக்கும் கருப்பாகாது. கருப்பானா சோக் முழுசா மூடலையான்னு பாருங்க. சோக் கேபிள் இறுக்கமா இருந்தா ரப்பர் முனை அதோட சீட்டுல உட்காராது. கேபிள்ல 1, 2 மி.மீ. தளர்ச்சி இருக்கணும். ஏர் ஃபில்டரையும் பாருங்க. பர்கூர் பக்கம் கிரானைட் தூசி உள்ள ரோட்டுல ஓடற வண்டிக்கு மத்தவங்களை விட சீக்கிரமே அது அடைக்கும்.

எத்தனால் நிஜமான விஷயம். சுத்தமான பெட்ரோல் 1 கிராம் எரிய சுமார் 14.7 கிராம் காத்து வேணும். இ20க்கு சுமார் 13.5 போதும். அதே ஜெட்ல இ20 ஊத்தினா கலவை 8 சதவீதம் போல மெலியுது. ஜெட் பரப்பு அதே அளவு கூடணும்னா 100க்கு 104 வரும், 104க்கு 104 பெருக்கினா 10816. ஆனா கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு சைஸ் ஏத்தாதீங்க. பழைய வண்டிங்க கொஞ்சம் கனமான கலவைக்கே செட் பண்ணி வந்திருக்கும். முதல்ல எல்லாத்தையும் சுத்தம் பண்ணி, காத்து இழுக்கறதை அடைச்சு, அப்புறம் முழு முறுக்குல ரெண்டு கிலோமீட்டர் ஓட்டி, அப்படியே கிளட்சைப் பிடிச்சு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு பிளக்கைக் கழட்டுங்க. காபிக் கொட்டை நிறம்னா தொடாதீங்க. சாம்பல் வெள்ளைன்னா ஒரு சைஸ் ஏத்துங்க, மறுபடி பாருங்க.
எத்தனால் ஈரத்தை இழுக்கும், பழைய ரப்பரை உப்ப வைக்கும். ரெண்டு வாரத்துக்கு மேல வண்டி நிக்கப் போகுதுன்னா டேப்பை மூடிட்டு இன்ஜின் தானா நிக்கற வரைக்கும் ஓட விட்டு சேம்பரைக் காலி பண்ணுங்க.

ரவுண்டானா_ஒர்க்ஷாப்
சரி, நானும் ஒத்துக்கறேன், ஸ்லைடு நல்லா இருந்தா பாடியை மாத்த வேண்டாம். ஆனா மாத்தியே ஆகணும்ங்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். லோக்கல் மால் கார்புரேட்டர்ல ஜெட்டுக்கு மேல என்ன நம்பர் பொறிச்சிருந்தாலும் நம்பாதீங்க. உங்க பழைய ஒரிஜினல் ஜெட் குத்தாம இருந்தா அதைக் கழுவி புது பாடியில போடுங்க. பழைய கார்புரேட்டரைக் கடையில விட்டுட்டு வராதீங்க, மூடி, சோக், ஃப்ளோட் பின் எல்லாம் பின்னாடி உதவும். ஆன்லைன்ல தேடும்போது வெறும் சேத்தக்னு போட்டா கரண்ட் வண்டி சாமானா வரும். 2 ஸ்ட்ரோக்னும் ஸ்பாக்கோன்னும் சேர்த்துத் தேடுங்க. இங்க கிடைக்காத சாமான் பெங்களூர் ஜே.சி. ரோட்டுல தேடினா பெரும்பாலும் கிடைக்கும்.
இன்னொண்ணு: பேக்கிங் கிடைக்கலைன்னு சிலிக்கான் பசை தடவாதீங்க. பெட்ரோல்ல அது உப்பி, பிஞ்சு, ஜெட்டுக்குள்ள போகும். 0.5 மி.மீ. பேக்கிங் பேப்பர் வாங்கி, பாடியை மேல வச்சு பென்சில்ல வரைஞ்சு வெட்டிக்கலாம். ஓட்டைகளை ஒண்ணு விடாம வெட்டணும்.

பென்னாகரம்_150
ஸ்லைடு வெளிச்சம் சீரா, முடி அளவுதான் இருக்கு. அப்ப பாடியை வச்சுக்கறேன். தட்டு தேய்ச்சாச்சு, ஃபீலர் இப்ப நுழையலை. டியூனிங் எப்படி ஆரம்பிக்கறதுன்னும், வாங்க வேண்டிய சாமான் என்னன்னும் சொல்லிடுங்க அண்ணா.

ஜெட்_ஸ்டாக்
வாங்க வேண்டியது: ஃப்ளோட் நீடில், பேக்கிங் செட் (கார்புரேட்டருக்கு அடியில வர்றதும், பாக்ஸுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல வர்றதும் சேர்த்து), குட்டி நெட்டு, சோக் ரப்பர், எத்தனால் தாங்கற பெட்ரோல் ஹோஸ், ரெண்டு கிளிப். எல்லாம் சேர்ந்தே சில நூறு ரூபாய்க்குள்ள முடியும். ஜெட் பழசே போதும்.

டியூனிங்: பின்னாடி இருக்கற மிக்சர் ஸ்க்ரூவை லேசா உட்கார்ற வரைக்கும் உள்ள திருகுங்க. அழுத்தி இறுக்கினா கூர்முனை நசுங்கிடும். அங்கிருந்து ஒன்றரை சுத்து வெளியே. அஞ்சு கிலோமீட்டர் ஓட்டி சூடாக்கிட்டு, ஐட்லிங் ஸ்க்ரூவைக் கொஞ்சம் ஏத்தி வைங்க. இப்ப மிக்சரை கால் கால் சுத்தா ரெண்டு பக்கமும் திருப்பி, ஆர்.பி.எம். உச்சத்துக்கு வர்ற இடத்தைப் பிடிங்க. அங்கிருந்து எட்டுல ஒரு பங்கு வெளியே, இந்த கார்புரேட்டர்ல வெளியே எடுத்தா பெட்ரோல் கூடும். அப்புறம் ஐட்லிங்கை இறக்கிடுங்க. மத்த வண்டிக்காரங்க கவனிக்க: ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தா அது காத்து ஸ்க்ரூ, வெளியே எடுத்தா கலவை மெலியும், கணக்கு தலைகீழ். ஸ்க்ரூவை மூணு சுத்துக்கு மேல வெளியே எடுத்தாதான் ஐட்லிங் நிக்குதுன்னா ஸ்லோ ஜெட் இன்னும் சுத்தமாகலை, இல்லைன்னா காத்து இன்னும் இழுக்குது. அந்த நிலைமைல டியூனிங்கை நிறுத்திட்டு சீல் பக்கம் போங்க.

பாலக்கோடு_ஃபிட்டர்
ஹோஸ் வெட்டும்போது மட்டும் அவசரப்படாதீங்க தம்பி. டேங்கைத் தூக்கிப் பிடிச்சு மாட்ட எட்டணும், இறக்கி வச்ச பிறகு எங்கேயும் மடியாம, மேல வளையாம டேப்ல இருந்து கார்புரேட்டர் வரைக்கும் சரிஞ்சே இறங்கணும். கொஞ்சம் நீளமா வெட்டி மாட்டி, டேங்கை உட்கார வச்சு, பாக்ஸ் பக்கமா டார்ச் அடிச்சுப் பார்த்துட்டு, தேவைக்கு மேல இருக்கறதைக் கார்புரேட்டர் முனையில நறுக்குங்க. பாக்ஸுக்குள்ள ஹோஸ் நுழையற ரப்பர் வளையத்தையும், மிக்சர் ஸ்க்ரூ துவாரத்தோட ரப்பரையும் மறக்காம மாட்டுங்க. அதுங்க இல்லைன்னா கழுவின கார்புரேட்டருக்குள்ள ஃபில்டர் வழியா போகாம தூசி நேரா போகும்.